ஜாக்கி ஏறும், இறங்காது

போன திங்கட்கிழமை காலையில் என் கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. விளக்குக் கம்பத்தைப் பார்த்த நாய் எப்படி நிற்குமோ, அப்படி. மூன்று சக்கரம் தரையில், ஒன்று அந்தரத்தில். ஒன்பது மணிக்கு ஒரு கல்யாணப் பெண் அதில் ஏறிச் சர்ச்சுக்குப் போக வேண்டும்!

(‘போன திங்கட்கிழமை’ என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். இது கப்பலேறி, மதராஸ் போய், அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எத்தனை திங்கட்கிழமை போயிருக்குமோ... அந்தமானில் உட்கார்ந்து வாரப் பத்தி எழுதுகிறவனுக்குக் கப்பல் வந்தால்தான் வாரம்.)

எல்லாவற்றுக்கும் காரணம் என் சிக்கனம்.

மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுப்போன கார் அது. கப்பலில் திருப்பி எடுத்துப்போகிற கூலியைவிட வண்டி மலிவு என்பதால் என் தலையில் கட்டினார். ஆனாலும் நன்றாகத்தான் ஓடியது. பத்துபஸ்தியில் ஒரு வங்காளி மிஸ்திரி இருக்கிறார். மாதம் ஒருமுறை பானெட்டைத் திறப்பார், காதை வைத்துக் கேட்பார், மூடிவிடுவார். “டீக் ஹை பாபு, கோல்னா மத்” என்பார். நன்றாக இருக்கிறது, எதையும் கழற்றாதே என்று அர்த்தம். அதற்குக் கூலி வாங்குவார்.

கழற்றாமல் இருப்பதற்கு ஒரு கூலியா? எனக்கு வயிறு எரிந்தது. சொந்தமாக நாலு டூல்ஸ் வாங்கிப்போட்டால் இந்த ‘டீக் ஹை’யை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளலாமே!

இங்கே மெயின்லேண்டுக்கு லீவில் போகிறவனைப் போலப் பரிதாபமான பிறவி கிடையாது. கப்பல் டிக்கெட் எடுத்த செய்தி தெரிந்தால் போதும், வீடு தேடி லிஸ்ட் வரும். ஒருவருக்கு மணத்தக்காளி வற்றல். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. ஒருவருக்குச் சாமி படம், கண்ணாடி போட்டது, உடையக் கூடாது. முடியாது என்று சொல்ல வழியில்லை. நாளைக்கு அவனும் யாரிடமாவது லிஸ்ட் கொடுக்க வேண்டியவன்தானே?

அடுத்த வீட்டு ராயப்பண்ணன் தூத்துக்குடிக்குக் கிளம்பினார். படகு கட்டுகிறவர். மகள் பிலோமினாவுக்குக் கல்யாணச் சாமான் வாங்கப் போனார். நானும் லிஸ்ட் கொடுத்தேன். ஸ்பானர் செட், டயரில் காற்று பார்க்கிற கேஜ், ஜாக்கி. அடியில் கோடு போட்டு ஒரு வரி: ‘எல்லாம் இருப்பதிலேயே மலிவாக.’

மனிதர் சொன்ன சொல் தவறாதவர். இருப்பதிலேயே மலிவாகத் தேடிப் பிடித்துவிட்டார்! பெட்டி செம கனம். அதைத் தூக்கி வருவதற்காகப் பெண்ணுக்கு வாங்கிய பாத்திரத்தில் பாதியைத் தங்கச்சி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் சம்சாரம் என் சம்சாரத்திடம் சொன்னது.

“அண்ணே, பிலோமினா சர்ச்சுக்கு என் கார்லதான் போறா” என்றேன். அந்த நேரத்தில் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். கப்பலை விட்டு இறங்கியதும் சம்பந்தி கேட்ட முதல் கேள்வி, “இங்க ரோடெல்லாம் உண்டுமா?” ராயப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. “எம் மவ கோயிலுக்குக் கார்லதான் வந்து எறங்குவா, பாத்துக்கிடுங்க” என்று சபையில் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டி நன்றாக இருந்தது. வம்பே அதுதான். கையில் புது ஸ்பானர் இருக்கிறவனுக்கு ஒழுங்காக ஓடுகிற வண்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மணப்பெண் ஏறப்போகிற வண்டி... ஒரு இன்ஸ்பெக்ஷன் போட்டுவிடுவோமே!

முதல் ஸ்பானரை நட்டில் மாட்டித் திருகினேன். நட்டு அசையவில்லை. ஸ்பானர் வாயைப் பிளந்தது. கேஜை எடுத்தேன். நாலு டயருக்கும் ஒரே அளவு காட்டியது. ஆஹா என்று ஸ்டெப்னியில் வைத்தேன், அதே அளவு. சந்தேகம் வந்து வெறுமனே காற்றில் பிடித்தேன். அப்போதும் அதே அளவு!

ஜாக்கி மட்டும் அருமையாக ஏறியது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், “டீக் ஹை” என்றேன். இறக்கத் திருகினால்... மரை சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். கடைசியில் கைப்பிடி மட்டும் கழன்று என்னோடு வந்தது.

சைக்கிளில் பத்துபஸ்திக்கு ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமைதான் அந்த மிஸ்திரியிடம் “இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன். மனிதர் நிம்மதியாகப் பக்கத்துத் தீவிலுள்ள ரங்கத்துக்குக் கப்பலேறிவிட்டார்.

ராயப்பண்ணனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. காலைக்குள் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சர்க்கார் ஆபீஸில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வருகிற நம்பிக்கை.

திங்கட்கிழமை விடிந்தது. ராத்திரி பெய்த மழையில் முற்றமெல்லாம் சேறு. “ஏங்க, நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

ராயப்பண்ணன் வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. பின்னாலேயே நாலைந்து பேர். தூக்கிவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த வண்டியில்லையா, பம்பர் கையோடு வந்தது. தள்ளிவிடலாம் என்றால் முற்றம் சரிவு. வண்டி நேரே பாக்குத் தோப்பில்தான் போய் நிற்கும்.

அவர் வண்டியை ரெண்டு சுற்றுச் சுற்றினார். குனிந்து ஜாக்கியின் அடியைப் பார்த்தார்.

“சார், நீங்க மேலயே பாக்கிய. கட்டையில நிக்கிற படகத் தூக்கியா எறக்குதோம்? கட்டைக்கு அடியில மண்ணத் தோண்டுவோம். அது பாட்டுக்குத் தானா உக்காந்துரும்.”

“நான் தோண்டறேண்ணே” என்று மண்வெட்டியை எடுத்தேன்.

“வேண்டாம். நீங்க செஞ்சது போதும் சார்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வேறு யாரையும் தொட விடவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு மண் எடுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிய வேண்டுமாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். அரை மணி நேரம். ஜாக்கி அங்குலம் அங்குலமாக மண்ணுக்குள் போக, சக்கரம் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. எழுந்து நின்ற பெண்ணின் அப்பாவைப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே வேட்டி எது, சேறு எது என்று தெரியவில்லை. மாற்றிக் கட்ட நேரமும் இல்லை.

பிலோமினா வந்து ஏறினாள். “அப்பா, நீயும் ஏறு” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சீட்டைப் பார்த்தேன். கல்யாணத்துக்கென்று நான் தைத்துப் போட்ட வெள்ளை உறை, பளிச்சென்று இருந்தது.

ஒரு நொடி. சத்தியமாக ஒரே ஒரு நொடிதான். பிறகு “ஏறுங்கண்ணே” என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். அவர் மகளும் பார்த்துவிட்டாள்.

“சீட்டு அழுக்காயிரும் சார். நீங்க பிள்ளையக் கூட்டிட்டு முன்னால போங்க. நான் நடந்து வாரேன்.”

பாத்திரத்தை விட்டுவிட்டு என் இரும்பைச் சுமந்து வந்த மனிதர். அவர் தோண்டித்தான் என் வண்டியே தரைக்கு வந்தது. அவருக்காக ஒரு துணியை அழுக்காக்க எனக்கு யோசனை! இலவசமாக உதவி செய்கிற நாம் யார் என்பது, அந்த உதவி நமக்குச் சலவைச் செலவு வைக்கும்போதுதான் தெரிகிறது.

கதவு திறந்தது. பிலோமினா இறங்கினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“சலோப்பா, நேரமாவுது.”

“ஏய் மக்கா, வண்டி...”

“வண்டிய சித்தப்பா கொண்டுவருவாக” என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

சர்ச் ஒரு மைல். முன்னால் அப்பாவும் பெண்ணும். சுற்றிலும் சொந்தபந்தம். வாசலில் சம்பந்தி நின்றார். சேற்று வேட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன, கார்ல வந்து எறங்குவான்னு சொன்னிய?”

ராயப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிலோமினா கையை விடவில்லை.

“கார் வருது மாமா... பின்னால.”

வந்தது. ஒரு மைலும் முதல் கியரிலேயே, வெள்ளை உறை போட்ட சீட்டில் ஓர் ஈ காக்கா இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை, இருமவில்லை, ஒரு முனகல்கூட இல்லை — கண்டிஷன் என்றால் அப்படி ஒரு கண்டிஷன்!