ஞாயிறு மதியப் படமும் ‘ஏன்’ என்ற கேள்வியும்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்கு யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளில் குறையே இல்லை. பாடத்தில் விடை உள்ள வரியைக் கண்டுபிடித்து அப்படியே எழுதிவிடுவாள். ‘ஏன்’ என்று கேட்டால் மட்டும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவாள். ஆறாம் வகுப்பில் பாதிக் கேள்விகள் ‘ஏன்’தான், இப்படியே போனால் பிள்ளை திணறிப்போகும் என்று டீச்சர் என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மகள் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறாள். டியூஷன் வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஞாயிறு மதியம் ஒரு படம் போட்டு, நடுநடுவே நிறுத்திப் பிள்ளையோடு பேசப் போவதாகச் சொன்னாள்.

பேச்சுக்கு ஒரு முறை வேண்டாமா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரிசை எண், பாத்திரம், செய்த காரியம், காரணம், ஆதாரம் என்று ஒரு படிவம் தயாரித்து ஜெராக்ஸும் எடுத்தேன். படிவத்தோடு உட்கார்ந்த மூன்றாவது ஞாயிறு, பேத்தி வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். படிவத்தை உள்ளே வைத்ததும் வலி நின்றது.

“அப்பா, அவ ஒண்ணும் சாட்சிக் கூண்டுல நிக்கல,” என்றாள் மகள். “கூட உக்காருங்க, வேண்டாங்கல. வாயை மட்டும் செத்த நேரம் மூடிக்கிடுங்க.”

மூடிக்கொண்டேன். அன்றைய படத்தில் ஒரு விவசாயி, தம்பி நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழக்கிறார். மகள் அங்கே நிறுத்தினாள்.

“இவரு ஏன் கையெழுத்துப் போட்டாரு?”

பேத்தி வாய் திறக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? படிச்சுப் பாக்காமப் போட்டது அவன் தப்பு. கேஸ் எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது.”

“அவருக்கு வாசிக்கத் தெரியாது தாத்தா,” என்றாள் பேத்தி.

“படத்துல யாரும் அப்பிடிச் சொல்லலையே?”

“சொல்லல. பஸ்ல போர்டு அம்புட்டுப் பெருசா இருக்கு, அப்பவும் எங்க போவுதுன்னு பக்கத்து ஆள்ட்ட கேட்டாருல்லா? லெட்டர் வந்தப்ப கண்ணாடிய மறந்துட்டேன்னு போஸ்ட்மேனையே வாசிக்கச் சொன்னாரு. அவரு கண்ணாடியே போட மாட்டாரு.”

படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்துக்கே திரும்பினோம். அவள் சொன்னது சரி. பஸ் காட்சியில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்காததைத்தான் நான் கவனித்திருந்தேன்.

“சரிட்டி, தம்பிகிட்ட வாசிச்சுக் காட்டச் சொல்லலாம்லா?” என்றாள் மகள்.

“கூச்சமா இருந்திருக்கும். தம்பி காலேஜ் படிச்சவரு.”

எழுத்தறிவில்லாதவர் என்றால் வழக்கே வேறு. பத்திரத்தை வாசித்துக் காட்டினார்களா என்ற கேள்வி எழும். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, சொல்லவில்லை. அதற்குள் மகள் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“ஏட்டி, இப்ப சொன்னதை அப்பிடியே எழுது.”

“எம்புட்டு எழுதணும்மா?”

“ஒனக்குத் தோணுற அம்புட்டும்.”

பேத்தி தரையில் குப்புறப் படுத்து எழுத ஆரம்பித்தாள். திரையில் அந்த மனிதர் பேனாவோடு அப்படியே நின்றார். ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பினாள். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்.

“மீதிப் படம் பாக்க வேண்டாமா?”

அவள் தலை நிமிரவில்லை.

“இருங்க தாத்தா. நான் இப்பதான் பஸ்ஸை விட்டே எறங்கிருக்கேன். தம்பிகிட்ட இன்னும் வரவே இல்ல.”