கிழவனாரைப் படமெடுத்த நாட்கள்

இங்கே சூப்பர்மார்க்கெட்டுக்குள் வெறுங்காலோடு வருகிறார்கள். கார் வைத்திருப்பவர்கள், படித்தவர்கள், பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகிறார்கள். ஆஸ்திரேலியாவின் இந்தக் கடலோர ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் என் கண் அந்தக் கால்களில்தான் போய் நிற்கிறது. எங்கள் ஊரில், பரளச்சிப் பக்கம், என் அப்பா சில தெருக்களைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த அன்று, கழற்றவே கூடாது என்று சொல்லித்தான் எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

அவர் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டார். அந்தப் புகையில் நான் கம்ப்யூட்டர் படித்தேன். இப்போது பவளப்பாறைகளுக்கு முப்பரிமாண உருவம் செய்கிறேன். முக்குளிப்பவர்கள் ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படமெடுப்பார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் விட்டுப்போனது என்று பார்த்துச் சொல்வேன். பிறகு கணினியில் அவற்றை ஒட்டி, திருப்பிப் பார்க்கும்படியான உருவமாக்குவேன். பாறை வளர்கிறதா தேய்கிறதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் அதில் அளப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் திரையில் சுழற்றிப் பார்ப்பார்கள்.

வருடாவருடம் நாங்கள் படமெடுத்த பாறைகளில் ஒன்று மிகப் பழையது, வீடு போலப் பெரியது. அதை எல்லோரும் ‘ஓல்ட் ஃபெல்லா’ என்பார்கள். கிழவனார். போன கோடையில் கடல் சூடேறி அது வெளுத்துப்போனது. வெளுத்தாலும் உயிர் இருக்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும், மேலே பாசி மூடிவிடும். அதற்குள் கடைசியாக ஒருமுறை முழுக்கப் படமெடுக்க வேண்டும் என்று படகு ஏறவிருந்த அன்றுதான் அண்ணன் கூப்பிட்டார்.

“அப்பாவுக்கு மூச்சு வாங்குது. அருப்புக்கோட்டை ஆசுபத்திரியில சேத்துருக்கோம். ஒன்னையத்தான் கேக்குறாக. கெளம்பி வாத்தா.”

“பத்து நாள்ல வாரேன்ணே. இங்க ஒரு பாறை சாகப்போகுது, அதுக்குள்ள எடுத்தாகணும்.”

“கடல்ல கெடக்குற கல்லுக்கு என்னத்தா அவசரம்?”

“கல்லு இல்லண்ணே. அது உசுரு.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

என்னை யாரும் தடுக்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே அனுப்பியிருப்பார்கள். அப்பாவுக்கு ஒவ்வொரு வருடமும் இப்படி வரும், தேறிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாம் நாள் மாலை கரை நெருங்கி சிக்னல் வந்தபோது போனில் அண்ணனின் அழைப்புகள் பதினான்கு.

மறுநாள் விமானம் ஏறுமுன் கோப்புகளை ஒப்படைக்க அலுவலகம் போனேன். அப்பா இறந்துபோனதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் முக்குளிக்கும் ஹெலன் நேரே என்னிடம் வந்து, “வீ லாஸ்ட் தி ஓல்ட் ஃபெல்லா. ஐயம் ஸோ சாரி” என்றாள். இங்கே அப்பாவையும் ‘ஓல்ட் ஃபெல்லா’ என்றுதான் சொல்வார்கள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். “எனக்கும் அப்படித்தான். நேற்று உங்கள் படகு கிளம்பிய பிறகு இன்னொரு படகில் போய் இறங்கினேன், தண்ணீருக்குள்ளேயே அழுதேன். முழுக்கப் பாசி மூடிவிட்டது” என்றாள். அப்போதுதான் புரிந்தது. நான் திருத்தவில்லை. அவள் தோளில் என் அப்பாவுக்காக அழுது முடித்தேன்.

ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முச்சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். முகம் கலங்கித் தெரிந்தது. வேறு படம் இல்லை.

அண்ணன் ஒரு சொல் திட்டவில்லை. நான்காம் நாள், “அதக் காட்டு” என்றார். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். கிழவனாரை விரலால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அடியில் இருந்த குழி, விளிம்பில் இருந்த வெடிப்பு, எல்லாம் அச்சாகத் தெரிந்தது.

“இது இப்ப உசுரோட இருக்கா?”

“இல்லண்ணே.”

மூடி என் பக்கம் தள்ளினார்.

காரியம் முடிந்து மதுரை பஸ்ஸில் பெட்டியை அவரே ஏற்றிவிட்டார். “போய்ட்டு வாரேன்ணே” என்றேன். “போத்தா” என்றார். ஜன்னலுக்குக் கீழே வேறெங்கோ பார்த்தபடி நின்றார். போனில் ஹெலனின் செய்தி வந்தது, எப்போது வீடு திரும்புகிறாய் என்று கேட்டு. படித்துவிட்டு நிமிர்ந்தேன். பஸ் நகர்ந்திருந்தது, அண்ணன் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.