அல்பொன்சா டீச்சரின் இரண்டாவது பாடம்

பிரஷ்ஷின் நுனியை வாய்க்குள் வைத்து, உதடுகளால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசிமுனையாக்கி வெளியே எடுக்கிறார் அல்பொன்சா டீச்சர். எடுத்த கையோடு அதே பிரஷ்ஷைப் பிரம்பு மாதிரி எங்கள் பக்கம் நீட்டுகிறார்.

"ஆய்வுகூடத்தில எதையும் வாயில வைக்கக்கூடாது. எல்லாரும் சொல்லுங்க."

முப்பத்தொரு வாய்கள் திருப்பிச் சொல்கின்றன. டீச்சரின் கீழுதட்டில் நீலம் ஒட்டியிருக்கிறது. அது இதயத்தின் நாளத்துக்கு அடித்த நீலம். சுவரில் தொங்கும் பெரிய கடதாசியில் இதயம் நான்கு நிறத்தில் முடிந்துகொண்டு வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடம் மாம்புரிக்கும் ஆலங்குடாவுக்கும் இடையில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. ஆய்வுகூடம் என்பது முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த அறை. கை கழுவும் தொட்டி உண்டு, குழாய் இல்லை. வாசற்படியில் ஒரு நாய் நிரந்தரமாகப் படுத்திருக்கும். 'எதையும் சுவைக்கக் கூடாது' என்று சுவரில் சிவப்பில் எழுதியவரும் டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் எழுத்து என்று எங்கே இருந்தாலும் அது அவர் கை. அதிபரின் பெயர்ப்பலகை, 'இங்கே துப்பாதே', மலசலகூடக் கதவில் ஆண் படம், பெண் படம், எல்லாம். அந்த ஆண் படத்துக்கு அதிபரின் வயிறு இருப்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். டீச்சர் மறுக்கவில்லை. "ஆம்பிளை எண்டு கீறக்குள்ள முன்னால ஆரு நிக்கிறாங்களோ அவங்கதான் வருவாங்க" என்றார்.

நியமனக் கடிதத்தின்படி அவர் சித்திர ஆசிரியை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வந்தவர். வந்து மூன்றாம் மாதம் விஞ்ஞான சேர் ஒரு கிழமை லீவில் போனார். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை. அதிபர் டீச்சரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இதயம் கீறத் தெரியும்தானே, ஒரு மாசத்துக்கு விஞ்ஞானத்தைப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு மாதம் இப்போது ஆறு வருடம்.

அலுவலகத்துக்கு வெளியே நேரசூசிப் பலகை இருக்கிறது. கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ற். ஒவ்வொரு ஜனவரியும் டீச்சர்தான் எழுதுவார். எல்லா ஆசிரியர் பெயரும் பெயின்றில் இருக்க, விஞ்ஞானத்துக்கு நேரே தன் பெயரை மட்டும் சோக்கால் எழுதுவார். வராந்தாவில் போகிற வருகிற முதுகுகள் அதை அழித்துவிடும். திங்கட்கிழமை மறுபடி எழுதுவார். ஒருநாள் கேட்டேன், ஏன் டீச்சர் இந்தப் பாடு என்று.

"அனுமதி இல்லாததுக்குப் பெயின்ற் அடிக்க ஏலாது மகன்."

அனுமதி என்றால் இரண்டாவது பாடமாக விஞ்ஞானத்தைத் தன் நியமனத்தோடு சேர்த்துக்கொள்வது. அதற்கு நான்கு சாமான் வேண்டும் என்று சுண்டுவிரலில் தொடங்கி மடித்துக் காட்டுவார். சனிக்கிழமைகளில் புத்தளத்துக்குப் போய் ஒரு வருடம் படித்த சான்றிதழ். அதன் கடைசியில் ஒரு சோதனை. மூன்று வருடப் பாடக்குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் அதிபரின் கையெழுத்தோடு. நாலாவது, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆலோசகர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு பாடம்.

"மூணு விரல் மடிஞ்சிட்டு. இது மட்டும் நிமிந்து நிக்குது." நிமிர்ந்து நிற்கும் அந்தச் சுட்டுவிரலை அவர் ஆட்டும்போது, எங்களுக்கு ஏசுகிறார் என்று புதிதாக வந்த பிள்ளைகள் பயப்படுவார்கள்.

விரல் மடியாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு இரண்டு பேர். ஒருவர் போதும். மற்றவர் மேலதிகம். மேலதிகமானவர்களின் பெயர்ப்பட்டியல் வருட முடிவில் வரும். அதில் பெயர் விழுந்தால் ஜனவரியில் இரண்டு பஸ் மாறிப் போகிற ஏதோவொரு பள்ளிக்கூடம்.

"நீங்க போனா எங்களுக்கு விஞ்ஞானத்துக்கு ஆரு டீச்சர்?" என்று கேட்டாள் முன்வரிசைச் சுல்பா.

"அவர்தான்" என்று வாசற்படி நாயைக் காட்டினார் டீச்சர். "ஆறு வருஷமா எல்லாப் பாடத்துக்கும் வந்திருக்கிறார். உங்களை விட வரவு கூட."

எந்தப் பரிசோதனையையும் வீட்டில் கோழிகளுக்கு முன்னால் செய்து பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குக் காட்டுவார். "அதுகள் கேள்வி கேக்காது. பிழைச்சாலும் சிரிக்காது." நாங்கள் இரண்டும் செய்வோம். மீனை வெட்டி உள்ளுறுப்புக் காட்டிய அன்று, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தியை வைத்தவரிடம் நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"டீச்சர், அதில வெட்டாதீங்க. அது பித்தம். உடைஞ்சா கறி கசக்கும்."

"கறி வைக்கிறதுக்கு இல்ல மகன், படிக்கிறதுக்கு."

"படிச்சிட்டு என்ன செய்யப் போறீங்க?"

டீச்சர் சற்று யோசித்துக் கத்தியை இந்தப் பக்கம் மாற்றினார்.

நாலாவது விரல் முதல் தடவை மடியாமல் போனதற்குக் காரணம் நான். பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அயடீன் போத்தலைக் கழுவி, அதற்குள் பிளேன்டியை, பால் விடாத தேயிலைச் சாயத்தை, ஊற்றி வைத்தேன். நிறம் அச்சொட்டாக இருந்தது. அடுத்த நாள் ஆலோசகர் வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. டீச்சர் பாண் துண்டில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். மாப்பொருள் இருந்தால் நீலக் கறுப்பாக மாற வேண்டும். பாண் நனைந்ததே தவிர மாறவில்லை. அரைமணி நேரம் அவர் பேக்கரியைச் சந்தேகப்பட்டார். ஆலோசகர் படிவத்தில் 'ஆயத்தம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு டீச்சர் போத்தலைத் திறந்து கையால் விசிறி முகர்ந்து பார்த்தார். நேரே என் மேசைக்கு வந்தார்.

"கிளைட்டன், அயடீனுக்கு இஞ்சி போடச் சொல்லி எந்தப் புத்தகத்தில இருக்கு?"

நாற்பத்து மூன்று போத்தல்களைக் கழுவி, துடைத்து, பெயர் ஒட்டியது எனக்குக் கிடைத்த தண்டனை. அலுமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி டீச்சரின் கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. நடந்ததை ஆலோசகருக்கு எழுதிப் போடலாமே என்று அதிபர் சொன்னதற்கு, "எழுதினா, ஏன் பூட்டி வைக்கயில்ல எண்டு கேப்பாங்க சேர்" என்றார். என் பெயர் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகவில்லை.

இரண்டாவது தடவை ஆலோசகர் வந்தது அடுத்த வருடம் ஒக்டோபரில். பட்டியல் வருவதற்கு முன் அதுதான் கடைசி. பாடம், எந்தத் திரவத்தில் மின்சாரம் போகும், எதில் போகாது. பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்து எடுத்த இரண்டு கரிக்கோல்கள், ஒரு புது ஒன்பது வோல்ட் பற்றரி, ஒரு சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப், இரண்டு கண்ணாடிக் கிண்ணம். உப்புத் தண்ணீரில் கோல்களை வைத்தால் பல்ப் பத்தும், உப்பில்லாத தண்ணீரில் பத்தாது. அவ்வளவுதான். ஓட்டோ கராஜில் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி, கோழிகளுக்குப் பதினொரு தடவை செய்து காட்டியிருக்கிறார். பதினொராவது தடவையோடு போத்தல் முடிந்தது. அதனால் அன்று காலை கோயில் கிணற்றில் ஒரு கலன் அள்ளிக்கொண்டு வந்தார். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. ஊரிலேயே இனிக்கிற கிணறு அது. பிறந்த பிள்ளைக்கு முதலில் பருக்குகிற தண்ணீரும் அதுதான், என் 'அயடீன்' பிளேன்டியும் அதில் ஊற்றியதுதான்.

வந்தவர் மஹ்ரூப் சேர். கடல் இல்லாத குருநாகல் பக்கம். மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். சிரிப்பு அவருடைய நியமனப் பாடம் இல்லை போலிருந்தது.

"இது உப்பில்லாத தண்ணி" என்றார் டீச்சர். குரல் சற்று உயரத்தில் நின்றது. "இதுக்குள்ள மின்சாரம் போகாது. பல்ப் பத்தாது. நல்லாப் பாருங்க."

கோல்களை வைத்தார். பல்ப் பத்தியது. மீன்வாடி விளக்குப் போல, கூச்சமில்லாமல், சிவப்பாக.

முப்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. அலுமாரி பூட்டியிருந்தது உண்மை, ஆனால் கலன் காலையிலிருந்து மேசைமேல் திறந்தபடி இருந்தது. மஹ்ரூப் சேரின் பேனையும் என் பக்கம் திரும்பியது. பள்ளிக்கூட வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நான் எதையும் தொடவில்லை.

எழும்பியது கால். சொன்னது வாய். எனக்கு அதில் பெரிய பங்கில்லை.

"சேர், நான்தான் அதுக்குள்ள உப்புப் போட்டது."

"எவ்வளவு?"

"ஒரு கைபிடி சேர்."

டீச்சர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேசாமல் நிற்பது. நின்றிருந்தால் மஹ்ரூப் சேர் 'மாணவர் குறும்பு' என்று எழுதியிருப்பார், வேறு தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருப்பார், விரல் மடிந்திருக்கும். அது டீச்சருக்கும் விளங்கியது. கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சுட்டுவிரலையே தண்ணீருக்குள் விட்டு, எடுத்து, வாயில் வைத்தார்.

வகுப்பு முழுதும் சுவரைப் பார்த்தது. சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது.

"உப்பில்ல சேர். இவன் பொய் சொல்றான். கைபிடி போட்டிருந்தா நாக்குக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பி, "இரு" என்றார்.

"அப்ப ஏன் பத்துது டீச்சர்?" என்றார் மஹ்ரூப் சேர்.

"தெரியாது சேர்."

படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மஹ்ரூப் சேர் எழுதத் தொடங்கினார். டீச்சர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார்.

"சேர் இந்த ஊர்த் தண்ணி குடிக்கிறயில்லதானே. ஒருக்காப் பாருங்க."

மஹ்ரூப் சேர் சுவரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சுண்டுவிரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"யா அல்லாஹ்! உப்புத்தானே டீச்சர் இது! இதையா நீங்க எல்லாரும் குடிக்கிறீங்க?"

வகுப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "சேர், அது கோயில் கிணறு!" என்று மெலனி எழும்பியே நின்றுவிட்டாள். "எங்கட வீட்டுக் கிணத்தைக் குடிச்சா என்ன சொல்லுவீங்க?" என்று பாறூக் கத்தினான். பள்ளிவாசல் பக்கத்துக் கிணறுகளின் மானத்தை அவன் காப்பாற்ற வேண்டியிருந்தது.

டீச்சர் மட்டும் அசையாமல் நின்றார். கோழிகளுக்கு முன்னால் இது நடந்திருக்காது.

"அப்ப பல்ப் சொன்னது சரி" என்றார் மெதுவாக. "பிழை எங்கட நாக்கிலதான். பிறந்ததிலயிருந்து குடிச்சு அதுக்குப் பழகிப்போச்சு. பல்ப்புக்குப் பழகயில்ல." பிறகு ஆலோசகரிடம் கையை நீட்டினார். "சேர், உங்கட போத்தலைத் தாங்க."

அவர் கொடுத்தார். மற்றக் கிண்ணத்தில் ஊற்றிக் கோல்களை வைத்தபோது பல்ப் செத்த மாதிரி இருந்தது. சுல்பா கிட்டப்போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்து, "கொஞ்சமா மினுங்குது டீச்சர்" என்றாள்.

"ஓம், மினுங்குது. கடைப் போத்தலுக்குள்ளயும் ஏதோ இருக்கு. நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் கொண்டு வாங்க. ஆருட கிணறு கூடப் பத்துது எண்டு பாப்பம்."

மணி அடித்த பிறகும் யாரும் எழும்பவில்லை. மஹ்ரூப் சேர் படிவத்தை மடித்துக்கொண்டு தாகத்தோடு போனார்.

எல்லோரும் கலைந்ததும் டீச்சர் என்னை நிறுத்தினார். "ஒரு கைபிடி போட்டா எங்கட நாக்குக்கும் கரிக்கும். பொய் சொன்னாலும் அளவு சரியாச் சொல்லோணும்." சங்கிலியைக் கழற்றி, சாவியை என் கையில் வைத்தார். "கிண்ணங்களைக் கழுவி வச்சு அலுமாரியைப் பூட்டிட்டு வா."

கடிதம் டிசம்பரில் வந்தது. இரண்டாவது பாடமாக விஞ்ஞானம் அனுமதிக்கப்படுகிறது. கீழே ஆலோசகரின் குறிப்பு ஒன்று: 'ஆய்வுகூடத்தில் பொருட்களைச் சுவைத்துப் பார்ப்பதை ஆசிரியை தவிர்த்துக்கொள்ள வேண்டும்.' தன் சுண்டுவிரலைப் பற்றி மஹ்ரூப் சேர் ஒரு வரியும் எழுதவில்லை.

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை நான் ஆலங்குடாவில் பட்டத்தில் தொங்கிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்குக் கயிறு பிடிக்கிறேன். ஜனவரியில் ஒருநாள் அதிபரிடம் ஒரு கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடம் போனேன். வராந்தாவில் டீச்சர் நேரசூசிப் பலகைக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றார். விஞ்ஞானத்துக்கு நேரே இருந்த சோக் எழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். வெள்ளைப் பெயின்ற் டின்னைத் திறந்து வைத்தார். புது பிரஷ்ஷின் மயிர் விரிந்து நின்றது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாய் மட்டும்தான் இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்ற என்னை அவர் காணவில்லை.

பிரஷ்ஷை வாயில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.