மிரான் கேட்ட சட்டை

பூசான் விமானிகளிடம் கேப்டன் ஓக் மிரானைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் முதலில் போர்வைக் கதையைத்தான் சொல்வார்கள்.

சேஜு தீவுக்குப் போகிற காலை விமானம் அது. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மிரான் விமானி அறையை விட்டு வெளியே வந்து, வாசலோரம் பணிப்பெண்ணிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையசைத்து அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு போர்வை எடுத்துட்டு வா. காத்து நேரா மண்டையில அடிக்குது."

மிரான் மேல்தட்டைத் திறந்து போர்வையை எடுத்தாள். பிரித்து அவர் முழங்கால் வரை போர்த்திவிட்டாள்.

"அப்படியே சூடா ஒரு காப்பி கிடைக்குமா?"

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போறேன் ஐயா. நான் போய் வண்டிய எடுக்கணும்."

"எந்த வண்டிய?"

"இந்த வண்டியத்தான்."

பெரியவர் சேஜு போய்ச் சேரும்வரை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இறங்கும்போது அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பஞ்சு மேல வச்ச மாதிரி இறக்கினீங்கம்மா" என்றாராம்.

மிரான் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவளிடம் போர்வை கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. தண்ணீர் கேட்டவர்கள் உண்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. கேப்டன் என்பதற்கு அடையாளமாகத் தோளில் நான்கு தங்கக் கோடுகள் இருந்தும் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பூசானின் யோங்தோ பகுதியில் வளர்ந்தவள் அவள். அம்மாவுக்கு ஜகல்ச்சி மீன் சந்தையில் விலாங்குக் கடை. மிரான் தோங்பெக் ஏர்லைன்ஸில் சேர்ந்தபோது அங்கே பெண் விமானிகள் மொத்தமே இரண்டு பேர். பெண்களுக்கென்று சீருடை வெட்டவில்லை. ஆண்களுக்கான அளவிலேயே சிறியதை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் முதல்முறை கடைக்குப் போனபோது, அம்மா கையிலிருந்த விலாங்கைக்கூடக் கீழே வைக்காமல் மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு சட்டைடி இது? எவனாவது குளிக்கப் போனப்ப கொடியிலேர்ந்து உருவிட்டு வந்தியா?"

"கம்பெனியில குடுத்ததும்மா."

"அப்ப கம்பெனிக்காரன் எவனோ சட்டையில்லாம நிக்கிறான்."

சந்தையே சிரித்தது. மிரானும் சிரித்தாள். அந்த ஆண் அளவுச் சட்டையிலேயே துணை விமானியாக இருந்து கேப்டனாகவும் ஆனாள்.

உடை விஷயத்தில் அவளுக்குச் சில கறாரான பிடிவாதங்கள் இருந்தன. ஓட்டல் அறைக்குப் போனதும் முதல் வேலையாகச் சட்டையைத் தானே தேய்த்துத் தொங்கவிடுவாள். ஷூவில் எண்ணெய்த் தடத்தோடு வருகிற துணை விமானியைத் திருப்பி அனுப்பித் துடைத்துவிட்டு வரச் சொல்வாள். "நம்மள நம்பி ஏறுறவங்க நம்மளப் பார்க்கிறது ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் பூட்டின கதவத்தான் பார்க்கப் போறாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒழுங்கா நின்னா என்ன குறைஞ்சுடும்?" என்பாள்.

இப்படி இருக்கும்போது, நிறுவனம் தொடங்கி முப்பதாவது ஆண்டு வந்தது. நிர்வாகம் எல்லோருக்கும் புதுச் சீருடை என்று அறிவித்தது. சியோலிலிருந்து பியோ கிஹுன் என்ற ஆடை வடிவமைப்பாளரை வரவழைத்தார்கள். நடிகர்களுக்கெல்லாம் உடை தைப்பவர், நாற்பதைத் தொடாதவர், பேச்சில் மெருகு அதிகம். விமானிகளின் கருத்தைக் கேட்கப் பூசானின் கிம்ஹே விமான நிலைய அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள்.

விமானிகளிடம் பொதுவாக எதைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் வரும். சட்டையைப் பற்றிக் கேட்டதும் கூட்டம் மீன் சந்தையாகிவிட்டது. இளையவர்களுக்குத் தோல் ஜாக்கெட் வேண்டும், தொப்பி வேண்டாம், கால் வலிக்காத ஷூ வேண்டும். ஓய்வுக்குச் சில வருஷங்களே மீதமிருந்த கேப்டன் பாங் மேசையைத் தட்டினார்.

"தொப்பி வேணாமா? தொப்பியக் கழட்டிட்டா உனக்கும் டெலிவரி வண்டிக்காரனுக்கும் என்னடா வித்தியாசம்?"

"அவன் நேரத்துக்கு வர்றான் சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் பியோ மாதிரி உடைகளைக் காட்டினார். கரும்பச்சைக் கோட்டு, உடம்பைப் பிடித்தாற்போல் கால்சட்டை, பெண் விமானிகளுக்கு டைக்குப் பதிலாகக் கழுத்தில் பட்டுத் துணி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மிரான் எழுந்துபோய்க் கால்சட்டையின் இடுப்போரம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"டிசைனர் சார், ஆம்பளைங்க பேன்ட்ல பை இருக்கு. இதுல எங்க?"

"பை வச்சா கோடு கெட்டுடும் மேடம். அந்த நேர்க்கோடுதான் இந்த உடைக்கே உயிரு."

"என் டார்ச்சையும் லைசென்சையும் உங்க நேர்க்கோட்டு மேலயா மாட்டி வைக்கிறது?"

"கைப்பை ஒண்ணு தனியா டிசைன் பண்ணலாம்..."

"பறக்கிறதுக்கு முன்னாடி விமானத்தச் சுத்திப் பார்க்க இறங்கறப்ப, மழையில, சக்கரத்துக்குப் பக்கத்துல கைப்பையோட நிக்கணுமா?"

பாங் உற்சாகமாகிவிட்டார். "கேளு மிரான், நல்லாக் கேளு!" என்றார். பியோவின் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "கேப்டன், நான் பார்க்காத இடத்துக்கு உடை தச்சா தப்பு வரும்தான். பார்க்க விடுங்க" என்றார். அந்தப் பதில் மிரானுக்குப் பிடித்துப்போயிற்று. மறுவாரம் பயிற்சி மையத்துக்கு வரச் சொன்னாள். ஒரே நிபந்தனை, அவர் தைத்த உடையை அவரே போட்டுக்கொண்டு வர வேண்டும்.

சொன்னபடியே வந்தார். கழுத்தில் அந்தப் பட்டுத் துணியையும் கட்டியிருந்தார். பயிற்சி மையத்தில், நிஜ விமானத்தின் முன்பகுதியைப் போலவே கட்டிய ஒரு கூடு உண்டு. உள்ளே போய் இடதுபக்க இருக்கையில் உட்காரச் சொன்னாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கருவிகள் அடங்கிய மேடை. அதைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்தால்தான் உட்கார முடியும். பியோ காலைத் தூக்கினார். சர்ரென்று ஒரு சத்தம்.

"கோடு போச்சு" என்றாள் மிரான்.

பியோ பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சொல்லுங்க, அடுத்தது என்ன?"

தலைக்கு மேலிருந்த விசைகளை எட்டித் தொடச் சொன்னாள். சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. தோளிலும் இடுப்பிலும் பெல்ட்டைப் பூட்டச் சொன்னாள். பட்டுத் துணியின் நுனி பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அவர் அதை இழுக்க, கழுத்து இறுகியது.

"கழுத்துல எதக் கட்டினாலும் சரி, பிடிச்சு இழுத்தா கழண்டு கையோட வந்துடணும். எங்க டைக்குப் பின்னாடி கொக்கி வச்சிருக்கிறது அதுக்குத்தான்" என்று சொல்லி அவளே அதை விடுவித்தாள்.

கடைசியாகப் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கச் சொன்னாள். கதவு வழியே போக முடியாத அளவுக்கு விபத்து நேர்ந்தால் விமானிகள் தப்பிக்கும் வழி அதுதான். பியோ கீழே பார்த்தார். மெத்தை போட்டிருந்தார்கள்.

"நீங்க இதச் செஞ்சிருக்கீங்களா?"

"பயிற்சியில ஒவ்வொரு தடவையும்."

"இந்தச் சட்டையோடயா?"

"வேற எதோட?"

அவர் இறங்கினார். வழுவழுப்பான தோல் ஷூ சுவரில் ஒட்டவேயில்லை. பாதியில் வழுக்கி மெத்தையில் பொத்தென்று விழுந்து, அப்படியே படுத்தபடி கூரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். மிரானுக்கும் அடக்க முடியவில்லை.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டபோது பியோ அவளைக் கூர்ந்து பார்த்தார்.

"கேப்டன், நான் ஒண்ணு சொல்லலாமா? கோவிக்கக் கூடாது."

"விழுந்தவருக்கு ஒரு சலுகை உண்டு. சொல்லுங்க."

"அன்னைக்குக் கூட்டத்துல பேசறப்ப, இப்ப, எப்பவுமே இடது தோள்பட்டையத் தூக்கித் தூக்கி விட்டுக்கிறீங்க. சட்டையோட தோள் உங்களுக்கு மீறின அளவு. கோடு போட்ட பட்டை முன்பக்கமா சரிஞ்சு கைக்கு இறங்கிடுது. எதிர்ல நிக்கிறவன் கண்ணுல அது படவே படாது."

மிரானின் சிரிப்பு நின்றது. "அப்ப, என்னைப் பார்த்துப் போர்வை கேக்கிறது என் சட்டையோட தப்பா? பார்க்கிறவன் கண்ணுல தப்பு இல்லையா?"

"தப்பு அவன் கண்ணுலதான். அந்தக் கண்ண என்னால தைக்க முடியாது. சட்டைய முடியும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் தன் கைப்பையிலிருந்து குண்டூசிகளை எடுத்தார். அனுமதி கேட்டுவிட்டு, பின்னால் நின்று தோள் தையலை உள்ளே தள்ளிக் குத்தினார். முதுகில் தொங்கிய துணியைப் பிடித்து இரண்டு பக்கமும் மடித்தார். பிறகு, கழிப்பறைக் கண்ணாடி முன்னால் போய்ப் பார்க்கச் சொன்னார்.

மிரான் தனியாகப் போய் நின்றாள். நான்கு கோடுகளும் நேராகத் தோளின் மேல் இருந்தன. இத்தனை வருஷம் இரவல் சட்டைக்குள் நின்றிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பெண் என்பது தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே, வேறு அளவு வேண்டுமென்று ஒருதடவைகூடக் கேட்காமல் இருந்தாள்? வெளியே வந்து, "எத்தன நாள்ல தச்சுத் தருவீங்க?" என்றாள்.

"பை எவ்வளவு ஆழம்னு சொல்லுங்க, உடனே ஆரம்பிக்கறேன்."

சோதனைக்காக மிரானையும் சேர்த்துச் சிலருக்கு மட்டும் உடை தைத்துக் கொடுத்தார்கள். பெண் விமானிகள் எல்லோருக்கும் அவரவர் உடம்பில் அளவெடுத்துத் தைக்க வேண்டும், அதைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்று மிரான் நிர்வாகத்திடம் அடித்துப் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். அந்த உடையோடு அவள் மூன்றாவதோ நான்காவதோ தடவை பறந்தபோதுதான் சேஜுவில் காற்று புரட்டியெடுத்தது.

மலை தாண்டி வந்த காற்று ஓடுபாதைக்கு மேலே திசை மாறி மாறி அடித்தது. ஒருமுறை இறங்கப் போய், முடியாமல் விமானத்தை மேலே ஏற்றினாள். மறுபடி முயன்றாள். காற்று ஆபத்தானது என்கிற எச்சரிக்கை ஒலி கேட்டதும் யோசிக்கவே இல்லை, மறுபடி ஏற்றி நேராகப் பூசானுக்கே திருப்பிவிட்டாள். கிம்ஹேயில் இறங்கி நிறுத்தியதும் பின்னால் சத்தம் கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், சுற்றுலாக் கூட்டம், எல்லோரும் எழுந்து நின்று பணிப்பெண்களிடம் கத்தினார்கள். துணை விமானி, "ஒலிபெருக்கியில சொல்லிடலாமே கேப்டன்" என்றான். மிரான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விமானி அறைக் கதவைத் திறந்தாள்.

ஒரு தடித்த மனிதர் வழியை மறித்தபடி நின்றார். "நீ எதுக்கும்மா வந்த? கேப்டன வரச் சொல்லு!"

புதுச் சட்டை, நேரான தோள், நான்கு கோடுகள், எல்லாம் அவருக்கு எதிரிலேயே இருந்தன. மிரானுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"வந்துட்டேங்க. நான்தான் கேப்டன். உக்காந்தீங்கன்னா எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்."

அவர் பார்வை அவள் தோளுக்குப் போய்த் திரும்பி வந்தது. உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவ இறங்கப் பார்த்தேன். ரெண்டு தடவையும் காத்து எனக்குப் பிடிக்கல. பிடிக்காத காத்துல நான் இறக்க மாட்டேன். எங்க அம்மா உக்காந்திருந்தாலும் இறக்க மாட்டேன், அவங்க உங்களவிட ஜாஸ்தி கத்துவாங்க. கல்யாணத்துக்குப் போறவங்க யாரு, கை தூக்குங்க. உங்கள முதல் விமானத்துல அனுப்பச் சொல்லி நானே பேசறேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் கை தூக்கினார்கள். எல்லோரும் இறங்கி முடிக்கிற வரை அவள் வாசலிலேயே நின்றாள். தடித்த மனிதர் கடைசியில் வந்து, தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அன்று மாலை பியோவிடம் தொலைபேசியில் சொன்னாள்: "உங்க சட்டை எனக்கு அரை நிமிஷம் வாங்கிக் குடுத்துது. மிச்சத்த நான் பார்த்துக்கிட்டேன்."

"அரை நிமிஷம் போதுமா?"

"தாராளம். முன்ன அதுவும் இல்ல."

பிறகு விமானிகளிடம் நடத்திய ஓட்டெடுப்பில் கொக்கி வைத்த டையும் ஆழமான பைகளும் பெரும்பான்மையில் ஜெயித்தன. தோல் ஜாக்கெட் தோற்றது. தொப்பி அவரவர் விருப்பம் என்றானது. கரும்பச்சைக் கோட்டை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், வெள்ளைச் சட்டையை மட்டும் சாம்பல் நிறமாக்கப் பியோ எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். விமானி என்றால் வெள்ளைதான் என்று மிரானே முன்னால் நின்று அதைத் தோற்கடித்தாள்.

ஹேயுந்தே கடற்கரை ஓட்டலில் அறிமுக விழா நடந்தது. விமானிகளை விளக்கு வெளிச்சத்தில் நடக்கவிட்டார்கள். இதெல்லாம் கூத்து என்று கடைசிவரை திட்டிக்கொண்டிருந்த கேப்டன் பாங், தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்துக்கொண்டு படைத்தளபதி மாதிரி நடந்து, திரும்பி, இன்னொரு தடவையும் நடந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மிரான் அங்கே இல்லை. அன்று அவளுக்கு ஜப்பானின் சப்போரோவுக்குப் பயணம். புதுச் சீருடையில் பனிக்குள் இறங்கி விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கை விறைக்க மேலே ஏறி வந்தாள். பணிப்பெண் சூடாகக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். துணை விமானி நாற்காலியைத் தள்ளியபோது முழங்கை இடித்தது. காப்பி முழுவதும் அவள் மார்பில்.

"அய்யோ, கேப்டன்!"

"பரவாயில்ல, பரவாயில்ல. சட்டைக்குத்தான் சூடு" என்று துடைத்துக்கொண்டே பியோவைக் கூப்பிட்டாள். விழாச் சத்தத்துக்கு நடுவே அவர் எடுத்தார்.

"இந்த வெள்ளை யாரோட யோசனைய்யா?"

பியோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "மாத்திடலாமா கேப்டன்?"

"மாத்தினா கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து தேய்த்து மடித்த இன்னொரு சட்டையை எடுத்தாள். பயணிகள் ஏற ஆரம்பிக்கும் முன் மாற்றிக்கொண்டு, வாசலில் போய் நின்றாள்.