தையல் மெஷின் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் மனைவி கார் ஓட்டத் தொடங்கியபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. லைசென்ஸ் கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்து, மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டருக்குள் ஓட்டினாள்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. நான் துறைமுகத்தில் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்ற மறுவருடமே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை மட்டும் மடியில் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கையைத் தைத்த கை அது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். "விரல்ல வர்ற அசைவு முதல் வருஷத்துலதான் அதிகம் வரும். அப்புறம் கஷ்டம்" என்றார். அவள் பந்தை இரண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் உருண்டது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி உருண்டது. உருளவில்லை, உருட்டிவிடப்படுகிறது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

ஓசூரிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அம்மாவ அந்தக் கார் கேம்ல உக்கார வெச்சுப் பாருப்பா. அம்பு போட்ட நாலு பட்டன், வலது பக்கம்தான் கீது. அவ்ளோதான் வேலை."

உட்கார வைத்தேன். முதல் நாள் வண்டி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்: "ஹாரன் எங்க கீது?"

"ஹாரன் இல்லை."

"ஹாரன் இல்லாம இன்னா வண்டி வுட்றானுங்க? டோல்கேட்ல கண்டெய்னர் லாரிக்காரன்கூட இப்டி வந்து இடிக்க மாட்டான்."

பத்து நாளில் ஆள்காட்டி விரல் தானாக அழுத்தியது. மூன்று வாரத்தில் நடுவிரலும் சேர்ந்துகொண்டது. பந்தயம் ஐந்து சுற்று. ஆறு வண்டியில் அவளுடைய சிவப்பு வண்டி எப்போதும் ஆறாவது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஐந்து சுற்றையும் முடித்துக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

பங்குனி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் படம் திக்கும். பெட்டிக்குள் ஃபேன் உறுமும். பிறகு திரை கறுத்துவிடும். பெட்டியின் மேல் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. முதல் தடவை அவள் சிரித்தாள். நாலாவது தடவை வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் கூப்பிட்டபோது வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

டாக்டர் சொன்ன முதல் வருடத்தில் ஐந்து மாதம் மீதி இருந்தது.

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கப் பணத்தில் பொருள் வாங்கியவன் தன் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் என்ன செய்வான்? ஃபைல் திறந்தேன். பழுப்பு அட்டை, பச்சை நாடா, முதல் பக்கத்தில் 'தேவைக்கான காரணம்'. அதில் 'பயனாளியின் வலது கை' என்று எழுதினேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இரண்டாவது பக்கம் இடம். இங்கேதான் பயனாளி குறுக்கிட்டாள். அந்தக் கம்ப்யூட்டர் மேசை அவளுக்கு உயரம், கால் தொங்குகிறது. "தையல் மிஷினாண்ட வெச்சா ஒக்காருவேன். அந்த ஸ்டூல்தான் எனக்குத் தோது."

"அப்போ மெஷினை எடுத்துப் பரணில் போட்டுவிடலாமா?"

"மிஷின் மேல கைய வெச்சிப் பாருங்க."

கை வைக்கவில்லை. மெஷினின் தலையை மடக்கி மேசைக்குள் இறக்கி, பலகையைச் சாத்தினால் மேல்பரப்பு சமமாகும். அதன் மேல் தட்டையான திரையும் விசைப்பலகையும் போக, அளவு நாடாவின்படி மீதி இருந்தது பத்து அங்குல அகலம். கீழே மிதிகட்டையும் சக்கரமும். தரையில் பெட்டி வைத்து ஒயர் இழுத்தால் இழுத்து நடக்கிற கால் தடுக்கும். ஆகவே பெட்டி மேசை மேலேதான் இருக்க வேண்டும், பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதற்குள் வேகமான பிராசசரும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில், மதியம் மூன்று மணிக்கு, ஐந்து சுற்று நிற்காமல் ஓட வேண்டும்.

மூன்று கடையில் விசாரித்தேன். இரண்டு கடைக்காரர்கள் இடுப்பளவு பெட்டியைக் காட்டி, "இதுலதான் சார் கூலிங் வரும்" என்றார்கள். மூன்றாமவர் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் பாய். என் வயதில் பாதி, என் எடையில் ஒன்றரை மடங்கு. நான் நீட்டிய நான்கு பக்கத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்.

"சார், கேம் ஆடப்போறது யாரு, பேரனா?"

"என் மனைவி."

பாய் பேப்பரை மடித்து வைத்தார். "அக்காவுக்கா? அப்ப சொல்லுங்க. இன்னா வண்டி ஓட்றாங்க?"

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். சின்ன மதர்போர்டு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பெட்டி பாதியாகும் என்றார். சின்ன ஃபேன் இரண்டு போட்டால் கொசு மாதிரி கத்தும், பெரிய ஃபேன் ஒன்று மெதுவாகச் சுற்றினால் அதே காற்று வரும், சத்தம் வராது என்றார். ஒயர்களைச் சுருட்டி ஓரமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்கு வழி இருக்காது. குளிர்ந்த காற்று முன்பக்கம் கீழே நுழைந்து, சூடு பின்பக்கம் மேலே வெளியேற வேண்டும். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. இழுவைப் படகுகளின் இன்ஜினுக்குக் குளிரூட்டும் குழாய் வாங்கியவன் நான். தண்ணீருக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

என் விவரக்குறிப்பில் இரண்டு விஷயத்தை மட்டும் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று, பெட்டியின் தலையில் ஒரு கைப்பிடி. துறைமுகத்துக்குள் வரும் எந்தப் பொருளுக்கும் தூக்குவதற்குப் பிடி இருக்க வேண்டும் என்பது விதி.

"இதைத் தூக்கக் கிரேன் வரப்போதா சார்?"

"போடுங்க பாய்."

"போட்றேன். ரெண்டாவது இன்னா எழுதிக்கீறீங்க? 'தேவையற்ற துவாரங்கள் அனைத்தும் அடைக்கப்பட வேண்டும்.' இது பேஜாரு சார். முன்னாடி ஓட்டைய அடைச்சா காத்து எங்கருந்து வரும்?"

இதற்கு நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. ராயபுரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: காலையில் வீட்டைத் துடைத்தால் மாலையில் உள்ளங்கால் கறுப்பாக இருக்கும். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி பாதி கப்பலுக்குச் சொந்தம், மீதி எங்களுக்கு. கிடங்கில் நாங்கள் எந்தக் கருவியையும் பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைத்துத்தான் பழக்கம். அப்படி வைத்த பொருள் பத்து வருடம் கழித்தும் புத்தம் புதிதாக இருக்கும். அந்தப் பத்து வருடமும் அது ஓடவில்லை என்பது எனக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

"கரித்தூள் உள்ளே போனால் பழைய பெட்டி மாதிரிதான் ஆகும். பக்கத்தில் இருக்கும் சன்னத் துளைகள் போதும். முன்பக்கம் தகடு அடியுங்கள்" என்றேன்.

"மூக்க அடைச்சிக்கினு ஓடச் சொல்றீங்க."

"எழுத்தில் கொடுத்திருக்கிறேன்."

"அதான் சார் பயமா கீது" என்றார் பாய்.

பெட்டி வந்தது. பத்து அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக, கறுப்பாக, தலையில் பித்தளைப் பிடியோடு. பாய் போனபின், இடுக்குகளில் என் பங்குக்கு டேப் ஒட்டினேன். பக்கத்துச் சன்னத் துளைகளின் மீதும் சந்தேகமாக இருந்தது. அதையும் ஒட்டினேன்.

மூன்று மணிக்கு அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. மரத்தில் இலை தெரிந்தது, சாலையில் நிழல் விழுந்தது. முதல் சுற்றில் நாலாவது இடம். இரண்டாவது சுற்றில் ஒரு நீல வண்டியை முந்தி, "த்தோ பாரு" என்றாள் அந்த வண்டிக்காரனிடம். மூன்றாவது சுற்றில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், திரை கறுத்தது.

அவள் கையை மடியில் எடுத்து வைக்கவில்லை. பட்டனின் மேலேயே விட்டிருந்தாள். நான்தான் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஃபைலில் எந்தப் பக்கத்தில் தவறு என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் கையெழுத்தும் தேதியும் அங்கே இருந்தன.

"இன்னாத்துக்கு இத்தினி டேப்பு?" என்றாள்.

கரித்தூள் என்றேன். காற்றோடு வருகிறது, அடைக்காமல் எப்படி என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கொழாயில தண்ணி கலீஜா வந்தா இன்னா பண்றோம்? வாயில துணி கட்றோம். யாரனா கொழாய அடைப்பாங்களா?"

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் குழாயின் மூக்கிலும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். முப்பது வருடமாக அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனேன். எங்கள் வீட்டுக் குழாயிலும் இருந்தது, அவள் கட்டியது.

பாய்க்குப் போன் செய்தேன். நான் எதையும் விளக்குவதற்குள், "தகட்ட வெட்டணுமா சார்?" என்றார். மறுநாள் வந்து, முன்பக்கத் தகட்டில் வட்டமாக வெட்டி, சாப்பாட்டுத் தட்டின் பாதி அகலத்தில் ஒரு ஃபேன் பூட்டினார். அவளிடம் ஆலோசனை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

"அக்கா, துணி கட்டுனா காத்து கொஞ்சம் கொறையும். அதான் பெருசா போட்டுக்கீறேன். துணி இன்னா துணி?"

"பழைய பருத்தி வாயில் பொடவ. நல்லா தோச்சுத் தோச்சு மெலிஞ்சிருக்கும்."

"சூப்பரு. வாராவாரம் அலசணும்."

"அத எனக்குச் சொல்லித் தர்றியா நைனா?"

துணியைச் சும்மா கயிற்றால் கட்ட முடியாது. ஃபேனின் விளிம்பில் தொப்பி மாதிரி கவ்வ வேண்டும், ஓரத்தில் எலாஸ்டிக் போக வேண்டும். பாய் கடையிலேயே தைக்கச் சொல்கிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். ஊசியைக் கோக்க என்னைக் கூப்பிட்டாள். நான் நான்கு தடவை நூலை எச்சில் படுத்தி, ஐந்தாவது தடவை கோத்தேன். இடது கையில் துணியைப் பிடித்து, வலது கையின் மூன்று விரலால் ஊசியைத் தள்ளினாள். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் நான் செய்தித்தாளில் ஒரு செய்தி படித்து முடித்தேன். ஊசி விழுந்தால் எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அது தானாகத்தான் விழுந்தது. மூன்று நாள் ஆயிற்று. தையல் கோணலும் மாணலுமாக இருந்தது. ஒரு காலத்தில் இப்படி ஒரு தையலை அவளிடம் யாராவது காட்டியிருந்தால் பிரித்து வீசியிருப்பாள். தொப்பியை ஃபேனில் மாட்டி, ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

அன்று மூன்று மணிக்கு நான் பக்கத்தில் உட்காரவில்லை. சமையலறையில் நின்று, டீ கொதித்துப் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்று, பாலம், நாலாவது. ஃபேன் சத்தமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, அஞ்சும் முடிஞ்சிது. இவன் இன்னா இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதிக் காட்றான்?"

போய்ப் பார்த்தேன். ஐந்தாவது இடம் என்று எழுதியிருந்தது. ஒருவனை முந்தியிருந்தாள். பெட்டியின் தலையில் கை வைத்தேன். குழந்தையின் நெற்றி மாதிரி லேசான சூடு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை துணியைக் கழற்றி அலசினாள். தண்ணீர் மை கரைத்த மாதிரி ஓடியது. காயும்வரை பெட்டியை ஓட்ட முடியாது. அன்று மூன்று மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தாள். பிறகு மெஷின் முன்னால் வந்து நின்றாள்.

"மாத்துத் துணி ஒண்ணு வோணும். அத எடுங்க."

"எதை?"

"பெட்டிய. மிஷினத் தொறக்கணும்."

பித்தளைப் பிடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, கட்டில் பக்கத்து டிரங்குப் பெட்டி மேல் வைத்தேன். திரையை எடுத்தேன். விசைப்பலகையை எடுத்தேன். பலகையைத் திறந்து மெஷினின் தலையை வெளியே தூக்கினேன். ஒன்பது மாதத்துத் தூசி இருந்தது. முந்தானையால் துடைத்தாள். இடது காலால் மிதித்துப் பார்த்தாள், பிறகு வலது காலையும் எடுத்து மிதிகட்டையில் வைத்தாள். வலது கையைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் போட்டு, தன் பக்கமாக இழுத்தாள். முதலில் அரைச் சுற்றுதான் வந்தது.

பத்து அங்குலத்துக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். அந்த இடத்தை இப்போது காலையில் மெஷினும் மதியத்துக்கு மேல் காரும் பங்குபோட்டுக்கொண்டன. காலையில் நான் பெட்டியைத் தூக்கி டிரங்குப் பெட்டி மேல் வைப்பேன், மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவருவேன். கைப்பிடியைப் பற்றிப் பாயிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன்.

"கிரேன் வந்துடுச்சின்னு சொல்லுங்க" என்றார்.