லிஃப்ட்காரர் கேட்ட செய்தி

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகரில் எங்கள் செய்தி இணையதளம் தொடங்குவதற்கு முந்தின நாள். முகப்பில் பெரிய கோபுரப் படம் வைத்திருந்தேன். அதில் எனக்கு ஏகப் பெருமை. கட்டடத்தின் லிஃப்ட்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நரைத்த மீசைக்காரர், எதைத் தொடுமுன்னும் விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொள்வார். துடைத்துவிட்டு மவுஸைப் பிடித்தார். படம் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது.

"ஷோக்கா கீது சார். நியூஸ் எங்க கீது?"

"ரெண்டு பக்கம் தள்ளிப் போகணும்."

"மயிலாப்பூர்ல கோபுரத்த தெனம் பாத்துக்கினுதான் சார் வரேன். ஊர்ல இன்னா நடந்துச்சுன்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. அன்றே படத்தை எடுத்துவிட்டு, செய்திகளை முகப்புக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மழை கொட்டியது. மறுபடி அவரை உட்கார வைத்தேன். முதல் வரியிலேயே நிமிர்ந்தார்.

"வேளச்சேரில வூட்டுக்குள்ள தண்ணியா? அங்கதான் சார் என் பொண்ணு கீது!"

எழுந்து ஓடினார். மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பும்வரை லிஃப்டை நான்தான் ஓட்டினேன்.