முத்துகிருஷ்ணன் படித்த வேல்ஸ்

முத்துகிருஷ்ணன் கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சரக்கு வண்டி எந்தத் தண்டவாளத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. ஓய்வுக்குப் பிறகு நகரத்துக்குள் டாலிகஞ்சில் ஒரு பிளாட் வாங்கி மனைவி ஜெயலக்ஷ்மியோடு குடியேறினார். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா வந்த குடும்பம். கோபம் வந்தால் கத்துவார், கத்தி முடித்ததும் டீ கேட்பார். அவர் கோபத்தில் கத்தாமல் இருந்தது ஒரே ஒரு முறைதான். மகன் மாதவ் போனில் தன் கல்யாணச் செய்தியைச் சொன்ன அன்று.

மாதவ் கார்டிஃபில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருந்தான். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நெரிஸ் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுநாள் வீட்டுக்குப் போன் செய்தான். முத்துகிருஷ்ணன் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனார்.

"வெள்ளக்காரியக் கட்டினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கட்டி முடிச்சிட்டுச் சொல்லுதான் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல" என்று அன்று மாலை ஜெயலக்ஷ்மியிடம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகனோடும் பேசவில்லை.

ஞாயிறு மாலைகளில் ஜெயலக்ஷ்மி சாப்பாட்டு மேஜையில் போனை நிறுத்திவைத்து மகனோடும் மருமகளோடும் பேசுவாள். மணி அடித்ததும் முத்துகிருஷ்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

காலையில் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி அவரோடு நடப்பவர் மொண்டல். மருந்துக்கடை வைத்திருக்கும் வங்காளி, அண்ணன் என்ற பொருளில் அவரை 'கிருஷ்ணன்தா' என்பார். ஒருநாள் மொண்டல் கேட்டார்: "உங்க பையன் இங்கிலாந்துலதானே, கிருஷ்ணன்தா?"

"வேல்ஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

முத்துகிருஷ்ணன் நடையை வேகப்படுத்தினார். யாராவது தன்னை மெட்ராஸி என்றால் மெட்ராஸுக்கும் திருநெல்வேலிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லித் திருத்துகிற மனிதர் அவர். மகன் இருக்கும் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நிற்பது அவருக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்து போனை எடுத்துத் தேடினார். இங்கிலாந்தோடு ஒரே ஆட்சியில் இருந்தாலும் வேல்ஸ் தனி நாடு, தனி மொழி, தனிக் கொடி என்று தெரிந்தது. அப்படியே அங்கே பிறந்த பெரிய மனிதர்களின் கதைகளுக்குள் போய்விட்டார். மதியம் ஜெயலக்ஷ்மி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட வந்தார்.

அதன்பின் நடையின்போது மொண்டலுக்குக் கதைதான். 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய், அதற்குப் பதில் இரண்டு சின்னக் கோடு போட்ட ராபர்ட் ரெக்கார்ட். அறுபது வயதுக்கு மேல் கிரிமியப் போருக்குப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெட்ஸி கட்வாலடர். தன் துணிக்கடையின் கம்பளித் துணியை ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்பிய ப்ரைஸ்-ஜோன்ஸ். இந்தத் துணிக்கடைக்காரர் மேல் ரயில்வேக்காரருக்குத் தனிப் பிரியம். பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, பின்னாளில் மந்திரியாகி நாடு முழுக்க இலவச வைத்தியம் கொண்டுவந்த பெவனைப் பற்றிச் சொன்னபோது மொண்டல் நின்றுவிட்டார்.

"மருந்தும் இலவசமா? நல்லவேளை, அவர் இங்க பிறக்கல" என்றார்.

நர்ஸ் பெட்ஸியின் கதையை மட்டும் முத்துகிருஷ்ணன் அடுத்தடுத்து இரண்டு நாள் சொன்னார். மொண்டல் கவனித்தார், ஏன் என்று கேட்கவில்லை.

ஜெயலக்ஷ்மிக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தூங்கிப்போகும்போது, மார்பில் கிடக்கும் போனை எடுத்து வைப்பவள் அவள்தானே.

ஒரு ஞாயிறு மாலை அவள் வழக்கத்தைவிட உரக்கப் பேசினாள். பால்கனிக் கதவையும் நன்றாகத் திறந்து வைத்திருந்தாள்.

"நெரிஸ், உன் சொந்த ஊர் எது?"

"டென்பி, அத்தை. கடலோரத்துல சின்ன ஊர்" என்றாள் நெரிஸ் இங்கிலீஷில். அத்தை என்பதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"அங்க பெரிய ஆளுங்க யாராவது பிறந்திருக்காங்களா?"

நெரிஸ் யோசித்தாள். "அப்படி யாரும் இருக்கறதாத் தெரியல."

"ஏன் இல்ல?" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. "ராபர்ட் ரெக்கார்ட்! அந்த ஊர்க்காரர்தானே!"

போனில் இரண்டு முகமும் நிமிர்ந்தன. பிறகு நெரிஸ் மெதுவாகக் கேட்டாள். "யாரது பேசறது?"

"அப்பா" என்றான் மாதவ்.

முத்துகிருஷ்ணன் வாசற்படியில் வந்து நின்றார். திரும்பிப் போவதா உட்காருவதா என்று தெரியவில்லை. ஜெயலக்ஷ்மி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் மருமகளிடம், சமக்குறி வந்த கதையைத் தன் ரயில்வே இங்கிலீஷில் முழுவதும் சொல்லி முடித்தார். டென்பி தேவாலயத்தில் ரெக்கார்டுக்கு நினைவுச் சிலை இருப்பதாகப் படித்தேன், நீ பார்த்ததில்லையா என்று கேட்டார். அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன், ஒருநாளும் கவனித்ததில்லை என்று நெரிஸ் வெட்கப்பட்டாள். அடுத்த வாரம் ஊருக்குப் போனவள் அந்தச் சிலையைப் படமெடுத்து அனுப்பினாள். முத்துகிருஷ்ணன் மறுநாள் அதை மொண்டலிடம் காட்டினார்.

இப்படி மருமகளோடு பேச்சு வந்துவிட்டது. மகனோடு வரவில்லை. மாதவ் ஏதாவது கேட்டால், "அம்மாகிட்ட சொல்லிருக்கேன்" என்பதோடு சரி.

டிசம்பரில் இருவரும் கல்கத்தா வந்தார்கள். பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறைத் தோட்டத்தில் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதியின் சமாதி இருக்கிறது. அவருடைய அப்பா வேல்ஸைச் சேர்ந்த கணித மேதை. வட்டக் கணக்கில் வரும் பை என்ற குறியை முதலில் அந்தப் பொருளில் எழுதியவர். நெரிஸுக்கு அதைக் காட்டியே தீர வேண்டும் என்று முத்துகிருஷ்ணன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். மரநிழலில் அந்தச் சமாதி கூம்பாக உயர்ந்து நின்றது. நெரிஸும் ஜெயலக்ஷ்மியும் சுற்றிப் பார்க்கப் போனார்கள். அப்பாவும் மகனும் ஒரு கல்மேடையில் உட்கார்ந்தார்கள்.

மாதவ் சொன்னான். "நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தேம்ப்பா. அதான் முன்னாடியே சொல்லல."

"சொல்லிருப்பேன். ஒரு மாசம் கத்திருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டிக்கெட் எடுத்திருப்பேன். அப்பன் இல்லாமலா புள்ளைக்குக் கல்யாணம் நடக்கும்?"

மாதவ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. முத்துகிருஷ்ணன் அவன் முதுகில் கை வைத்தார். "முடிய வெட்டக் கூடாதாலே, காடு மாதிரி கிடக்கு" என்றார். மாதவ் அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தான்.

இந்த மே மாதம் முத்துகிருஷ்ணனும் ஜெயலக்ஷ்மியும் வேல்ஸ் போகிறார்கள். விசா வந்துவிட்டது. போன வாரம் மாதவ் போனில், "சொல்லுங்கப்பா, முதல்ல எந்த இடத்தப் பாக்கணும்? யார் பிறந்த ஊர்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பெரிய பட்டியல் வரும் என்று காத்திருந்தான்.

"நெரிஸோட அம்மா வீடு" என்றார் முத்துகிருஷ்ணன். "சம்பந்தி வீட்டுக்குப் போகாம ஊர் சுத்தினா நல்லாவா இருக்கும்? அவங்களுக்கு முறுக்கு பிடிக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."